கொரியக் கடையில் சிலுவார் வாங்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கொரிய உடைக் கடையில் சிலுவார், அதாவது காற்சட்டை, வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். ஆம்பிளைச் சட்டை மாதிரி காலர் வைத்துத் தொளதொளவென்று வரும் நீளக்கைச் சட்டையும் நல்லதுதான். ஆனால் பிளவுஸ், கவுன், கையில்லாத பின்னல் வெஸ்ட் இதெல்லாம் கையில் அளவு நாடா இல்லாமல் தொடாதீர்கள். அவ்வளவுதான் தீர்ப்பு. மீதி எல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கான விளக்கம், கொஞ்சம் நீளம்.

கடை எங்கே என்றால், பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் கடை வரிசையில், முன்பு கைப்பேசி பழுது பார்த்துக்கொண்டிருந்த இடம். பெயர்ப் பலகையில் கொரிய எழுத்து, அதன் கீழே சின்னதாக ஆங்கிலம். நடத்துவது நம்ம பெண்தான், கோலாலம்பூர் மால்களில் துணிக்கடைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சட்டை 39 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 69 வரை, சிலுவார் 59 முதல் 79, கவுன் கொஞ்சம் கூட. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை விலை கிடையாது, ஈப்போ மால் விலையும் கிடையாது, இரண்டுக்கும் நடுவில். சனிக்கிழமை சாயங்காலம் போனால் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், துடோங் என்ற முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள், சீனப் பிள்ளைகள் என்று மூன்று இனமும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பட்டணத்தில் சாப்பாட்டுக் கடையைத் தவிர வேறெங்கும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை.

நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து மத்தியானத்துக்கு மேல் மிஷினில் உட்காரும் அம்மாவிடம் கற்ற தொழில். அதனால் எந்த உடையை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் உள்பக்கத்தைப் புரட்டிவிடுவேன், கடைக்காரர்களுக்கு அது பிடிக்காது, என்ன செய்வது.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது துணி எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான். நம்ம ஜவுளிக்கடையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டு, நாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேசையில் மலை மாதிரி குவித்துவிடுவார்கள். இங்கே சுவரோரம் இரண்டு கம்பி, நடுவில் ஒரு மரச்சட்டம், ஒவ்வொரு ஹேங்கருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. உடை வகைவாரியாகத் தொங்கவில்லை. சட்டை, அதற்குப் பொருத்தமான சிலுவார், மேலே போடும் கார்டிகன், பக்கத்தில் ஒரு துணிப்பை என்று சேர்த்துச் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள், வெளிரிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடிகிறது. அதாவது உங்களுக்கு என்ன எதோடு போடுவது என்ற யோசனையே வரக்கூடாது. கொரியாக்காரர்கள் உலகம் பூராவும் விற்கிறது இந்தச் சேர்க்கையைத்தான் என்பது என் கருத்து. துணி அதற்கு ஒரு சாக்கு.

இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டைல்நண்டா என்ற கடை 2004ல் ஓர் இளம்பெண் இணையத்தில் துணி விற்று ஆரம்பித்தது. கொரியத் தலைநகர் சோலின் மியோங்டோங் பகுதியில் ஹோட்டல் மாதிரியே அமைத்து, மாடிக்கு மாடி இளஞ்சிவப்பாக்கி வைத்தார்கள், துணி வாங்காதவர்களும் படம் எடுக்கவாவது உள்ளே வந்தார்கள். 2018ல் பிரான்ஸின் ஒப்பனைக் கம்பெனி லோரியால் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது, முக்கியமாக அவர்களுடைய ஒப்பனைப் பொருளுக்காக. ஜென்டில் மான்ஸ்டர் 2011ல் தொடங்கியது, விற்பது மூக்குக் கண்ணாடி. கடைக்குள் போனால் ராட்சத இயந்திரப் பொம்மை தலையை அசைத்துக்கொண்டிருக்கும், கண்ணாடி எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். இதெல்லாம் நம்ம ஊருக்கு வரும்போது ஒரு ஜாடி காய்ந்த புல், ஒரு வளைந்த முழுநீளக் கண்ணாடி, மஞ்சள் விளக்கு என்று சுருங்கிவிடுகிறது. ஆனால் யோசனை அதேதான், வேலையும் செய்கிறது. என் அக்கா மகள் ஒரு பைசா செலவழிக்காமல் அந்தக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் படம் எடுத்தாள், கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் அவளுடைய தோழிகள் வந்து வாங்கினார்கள்.

சரி, உடைக்கு வருவோம். சிலுவாரை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், அதை வெட்டியவன் தொழில் தெரிந்தவன். அகலக் கால் சிலுவார் ஒன்று, ஓட்மீல் நிறம், 69 வெள்ளி. முன்னால் இரண்டிரண்டு மடிப்பு, ஆழமான மடிப்பு, உட்கார்ந்தால் பிரிந்து கொடுக்கும், எழுந்தால் திரும்ப விழுந்துவிடும். இடுப்புப் பட்டை முன்பக்கம் தட்டையாக, விறைப்புத் துணி வைத்து, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக், அதுவும் வெளியே சுருக்கம் அசிங்கமாகத் தெரியாதபடி பட்டைக்குள்ளே இரண்டு வரி தையல் ஓட்டி அடக்கியிருக்கிறார்கள். பட்டனுக்கு உள்ளே மறைவாக ஒரு கொக்கி. பாக்கெட்டில் கை முழுசாகப் போகிறது, பெண்கள் உடையில் இது எத்தனை பெரிய விஷயம் என்று பெண்களுக்குத்தான் தெரியும். கீழே மடித்துத் தைத்த இடத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறார்கள், உயரமானவர்கள் இறக்கிக்கொள்ளலாம், நம்மைப் போலக் குட்டையானவர்கள் வெட்டினாலும் அகலம் கெடாது, ஏனென்றால் தொடையிலிருந்து நேராகத்தான் இறங்குகிறது. துவைத்தேன், காய்ந்தது, இஸ்திரி போடாமலே கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். இந்த மாதிரி ஒரு சிலுவாரை நான் தைத்துக் கொடுத்தால் கூலியே அந்த விலை வரும்.

இப்போது அதே கடையின் பிளவுஸ் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பொம்மைக் காலர், கையில் சுருக்கம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே தையல் ஓரத்தில் துணி கால் அங்குலம்கூட இல்லை, ஓவர்லாக் போட்டு அத்தோடு நறுக்கிவிட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்த் தையல்காரர் யாரும் இப்படி வெட்ட மாட்டார். பக்கவாட்டில் ஓர் அங்குலம் உள்ளே பிடித்து வைத்திருப்போம், தீபாவளிக்குத் தைத்தது பொங்கலுக்குப் பற்றவில்லை என்றால் பிரித்து விடலாம் என்றுதான். கொரிய உடையில் அந்தப் பேச்சே இல்லை. உடம்பு மாறினால் வேறு வாங்கிக்கொள் என்பது அந்தத் தொழிலின் கணக்கு, ஒரு பருவம் போட்டாலே போதும் என்று தைக்கிறார்கள்.

அது ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் சோல் நகரத்துத் தோங்டேமுன் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு திறந்து விடிகாலை வரை நடக்கும் மொத்த வியாபாரம். துணி விற்கும் கட்டடம், பட்டன் ஜிப் லேஸ் விற்கும் மாடி, தைத்த உடை விற்கும் கட்டடங்கள் எல்லாம் நடை தூரத்தில். பக்கத்திலேயே சாங்சின்-தோங் என்ற மேட்டுப் பகுதியில் வீட்டோடு வீடாகச் சின்னச் சின்னத் தையல் பட்டறைகள், துணிக்கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் சந்துக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நடிகை தொடரில் போட்ட கோட்டைப் பார்த்து வெட்டித் தைத்துச் சில நாட்களில் கம்பியில் மாட்டிவிடுவார்கள். எந்த உடை ஓடுகிறதோ அதைத் திரும்பத் தைப்பார்கள், ஓடாததை அத்தோடு விட்டுவிடுவார்கள். ஐரோப்பியப் பெரிய கடைகள் வாரக் கணக்கில் பேசும்போது இவர்கள் நாள் கணக்கில் முடிப்பதற்குக் காரணம் கணினி இல்லை, இந்த அக்கம்பக்கம்தான். 2014ல் கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் வரைந்த வெள்ளி நிறக் கட்டடம் ஒன்று அங்கே எழும்பியது, சோல் பேஷன் வாரம் அதில்தான் நடக்கிறது, படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வியாபாரத்தின் உயிர் பக்கத்துச் சந்துகளில்.

அந்தச் சந்தையின் பழைய பகுதியான பியோங்வா சந்தை 1962ல் வந்தது. அங்கே துணி வெட்டுபவராக இருந்த ஜொன் தே-இல் என்ற 22 வயது இளைஞர், நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே நாளெல்லாம் தைத்துக் காசநோய் வாங்கிக்கொண்ட சிறுபெண்களுக்காகப் போராடிப் பார்த்து, யாரும் காது கொடுக்காமல் போகவே, 1970 நவம்பர் 13ல் தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன்னைத் தீயிட்டுக்கொண்டார். சோலில் அவருக்குச் சிலையும் நினைவு மண்டபமும் இருக்கின்றன. அதே காலத்தில் இங்கே நம்ம அம்மா அப்பாக்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்க்கொண்டிருந்தார்கள். கொரிய உடை என்றாலே பூப்போல சிரிக்கும் பெண்களின் படம்தான் வருகிறது, அதனால் இதையும் ஒரு வரி சொல்லத் தோன்றியது. போகட்டும்.

ஃப்ரீ சைஸ் விவகாரம். இதில்தான் எனக்குக் கடையோடு சண்டை.

"தங்கச்சி, இதுக்கு எல் சைஸ் இருக்கா?"

"இல்லக்கா, இது ஃப்ரீ சைஸ். கொரியாவுல எல்லாமே இப்படித்தான். போட்டுப் பாருங்க, லூசாத்தான் இருக்கும்."

போட்டேன். தோள் லூசு, இடுப்பு லூசு, கைச்சுற்று மட்டும் பிடித்தது பாருங்கள், கையைத் தூக்கினால் சட்டை முழுசும் கூடவே வருகிறது. ஃப்ரீ சைஸ் என்பது எல்லோருக்கும் பொருந்தும் அளவு கிடையாது, ஒரே அளவில் தைத்தால் தைப்பவருக்கும் சேமித்து வைப்பவருக்கும் லாபம் என்ற அளவு. கொரியாவில் பெண்களுக்கு 44, 55, 66, 77 என்று பழைய அளவு முறை ஒன்று இருக்கிறது. 155 சென்டிமீட்டர் உயரம், 85 சென்டிமீட்டர் மார்பளவு என்ற சராசரிப் பெண்ணுக்கு 55. ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 55லிருந்து 66க்குள் அடங்குபவர்களுக்கு என்று அர்த்தம். 85 சென்டிமீட்டர் என்றால் முப்பத்து மூன்றரை அங்குலம். என்னிடம் பிளவுஸ் தைக்க வருபவர்களில் அந்த அளவில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள், அல்லது கல்யாணத்துக்கு முந்தின மாதம் பட்டினி கிடக்கும் பெண்கள்.

எனவே நாடா கொண்டு போங்கள். சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டு அக்குளுக்கு அக்குள் அளந்து பாருங்கள், வந்ததை இரண்டால் பெருக்குங்கள். கொரிய இணையக் கடைகளும் இப்படித் தட்டையாக விரித்து எடுத்த அளவைத்தான் சென்டிமீட்டரில் போடுகின்றன, அதைச் சுற்றளவு என்று நினைத்துவிட்டால் போச்சு. 50 என்று இருந்தால் சுற்று 100, ஏறத்தாழ 39 அங்குலம், பின்னல் இல்லாத சாதாரணத் துணி என்றால் 36 மார்புக்காரருக்குச் சரி. உங்களுக்கு 40 என்றால் 56க்குக் குறைந்து வாங்காதீர்கள். அப்புறம் கைச்சுற்று, இதை யாரும் பார்ப்பதில்லை, நம்ம பெண்களுக்கு மேல்கையில்தான் பிடிக்கும். தோள் தையல் தோளைத் தாண்டிக் கையில் இறங்கும்படி வெட்டிய சட்டை என்றால் இந்தத் தொல்லை கிடையாது, அக்குள் தாராளமாக இருக்கும். அந்த இறங்கிய தோள்தான் கொரிய வெட்டின் முத்திரையே, எந்த உடம்பையும் கொஞ்சம் மெலிவாகக் காட்டும். அதனால்தான் நீளக்கைச் சட்டையை வாங்கலாம் என்றேன். சிலுவாருக்கும் எஸ், எம், எல் இருக்கிறது, பின்னால் எலாஸ்டிக்கும் இருக்கிறது, பிழைத்தோம்.

துடோங் போடும் பெண்கள் இந்தக் கடைக்கு இவ்வளவு வருவதும் இதனால்தான். நீளக்கை, தொளதொள, இடுப்பை மூடும் நீளம், கணுக்கால் வரை பாவாடை. எதையும் மாற்றாமல் அப்படியே போட்டுக்கொள்ளலாம். மேற்கத்தியக் கடைகளில் அவர்கள் உள்சட்டை, கைநீட்டல் என்று தனியாகத் தேட வேண்டியிருக்கும். மலேசியாவில் கொரிய உடை இத்தனை வேகமாகப் பிடித்ததற்குத் தொடர்களும் பாட்டுக் குழுக்களும் மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் இந்த வெட்டைக் கவனிக்கவில்லை. நம்ம வீட்டிலும் அதே கதை. அப்பாக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க இடமில்லாத உடை இது, பாட்டிகள் மட்டும் "ஏன்டி, சட்டை உன்னோடதா, உன் அண்ணனோடதா?" என்று கேட்பார்கள்.

நிறம். கடை முழுக்க கிரீம், ஓட்மீல், சாம்பல் கலந்த பச்சை, வெளிரிய நீலம். நம்ம நிறத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லும் அத்தைமார்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. கறுத்த உடம்பில் கிரீம் நிறம் போல எடுப்பானது எதுவும் இல்லை, போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பாருங்கள். ஒத்துவராதது அந்தச் சாம்பல் கலந்த பழுப்பு, அது முகத்தைச் சோர்வாகக் காட்டும், அதோடு கொரியக் கடைகளின் படங்கள் எல்லாம் வெளிர் விளக்கில், வெளிர் தோல் மாடல்களைக் கொண்டு எடுத்தவை, நிறம் ஒரு படி கூடுதலாக வெளிறித் தெரியும். கடையின் மஞ்சள் விளக்கும் ஏமாற்றும். உடையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், அந்தப் பெண் விடுகிறார். கிரீம் சிலுவாரோடு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னல் வெஸ்ட்டைப் பற்றி என்ன எழுதுவது. சுங்கை சிப்புட்டில் மத்தியானம் வெளியே நின்றால் சும்மா நிற்கும்போதே வேர்த்துக் கொட்டும், இதில் சட்டைக்கு மேல் அக்ரிலிக் நூல் வெஸ்ட். நாலு பருவம் உள்ள நாட்டில் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் தைத்தது அது. பல்கலைக்கழகத்தில் குளிர்சாதன விரிவுரை மண்டபத்தில் உட்காரும் பிள்ளைக்குச் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம். துணியையும் கவனியுங்கள், கடையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலப்பு. சிலுவாரில் அது நல்லது, துணி நன்றாக விழும். மேல் உடம்பில் வேர்வை நிற்கும். பருத்திச் சட்டைகளும் இருக்கின்றன, தேடி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே கொரியாவிலிருந்து வருகிறதா? கேட்டேன். வெளியே தொங்கும் அட்டையில் கொரிய எழுத்து, உள்ளே தைத்த துணிச் சீட்டில் சீனாவில் தயாரித்தது என்று இருந்ததே, அதைக் காட்டித்தான் கேட்டேன். கடைக்காரப் பெண் மழுப்பவில்லை. "சிலுவாரெல்லாம் சோலிலிருந்து ஆள் வெச்சு எடுக்கிறதுக்கா, பிளவுஸ் பாதி குவாங்சோ." குவாங்சோ இருப்பது சீனாவில். எனக்கு அந்த நேர்மை பிடித்தது, ஆனால் பலகையில் எல்லாமே கொரியா என்ற தோற்றம் கொடுப்பது பிடிக்கவில்லை. கொரிய ஸ்டைல் என்று எழுதுவது வேறு, கொரியப் பொருள் என்று எழுதுவது வேறு. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரம் போட்டு விற்பதைக் குற்றம் என்கிறது, அந்தத் தங்கச்சி அட்டையை மாற்றிக்கொள்வது அவருக்கே நல்லது.

ஆனால் உண்மையான கொரிய நிறுவனங்களின் கதையும் நேர்கோட்டில் போவதில்லை. கோலாலம்பூர் மால்களில் நியூயார்க் பேஸ்பால் அணியின் எழுத்துப் போட்ட தொப்பி விற்கும் எம்எல்பி கடை, அமெரிக்கக் கடை என்று நினைத்துத்தான் நம்ம பையன்கள் நுழைகிறார்கள், அந்தச் சரக்கைச் செய்வது எஃப்&எஃப் என்ற கொரிய நிறுவனம், உரிமம் மட்டும் அமெரிக்காவுடையது. டிஸ்கவரி பெயரில் குளிர்ச்சட்டை, நேஷனல் ஜியோகிராபிக் பெயரில் பை, கோடாக் பெயரில் டிஷர்ட், எல்லாமே கொரியாவில் உரிமம் வாங்கிச் செய்தவை. டிவி சேனலையும் கேமரா பிலிமையும் உடையாக்கிவிட்ட நாடு! இத்தாலியில் பிறந்த விளையாட்டு உடை நிறுவனமான ஃபிலாவை 2007ல் அதன் கொரியக் கிளையே மொத்தமாக வாங்கிக்கொண்டது. நம் கையில் போனாக இருக்கும் சாம்சங், 1954ல் கம்பளித் துணி ஆலை தொடங்கிய நிறுவனம், இன்றும் எய்ட் செகண்ட்ஸ் என்ற உடைக் கடைகளை நடத்துகிறது. உடை நிறுவனமான இ-லேண்ட் 1980ல் ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது. முசின்சா 2001ல் பள்ளி மாணவர் ஒருவர் காலணிப் படங்களைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்த இணையக் குழு, பிறகு பத்திரிகையாகி, கடையாகி, இன்று கொரியாவின் மிகப் பெரிய உடை இணையக் கடைகளில் ஒன்று. 2019ல் கொரியர்கள் ஜப்பான் பொருள்களைப் புறக்கணித்தபோது ஜப்பானிய உடைக் கடையான யுனிக்லோ பக்கம் போகாதவர்கள் உள்ளூர்க் கடைகளுக்குத் திரும்பினார்கள், முசின்சாவின் சொந்தச் சரக்கும் இ-லேண்டின் ஸ்பாவோ கடைகளும் அதில் நன்றாக வளர்ந்தன. லண்டனில் இருந்த ஃபார்ஃபெட்ச் என்ற ஆடம்பர உடை இணையக் கடை 2023 கடைசியில் மூழ்கப் போனபோது தூக்கிவிட்டது கூப்பாங், கொரியாவின் இணைய வியாபார ராஜா.

இணையத்தில் நேரடியாக வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். வரவழைக்கலாம், முசின்சா 2022ல் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே தனிக் கடை திறந்தது, நம்ம நாட்டுக்கும் வருகிறது. உடை நன்றாகவே இருக்கும், குறிப்பாக அவர்களுடைய சொந்தப் பெயரில் வரும் சிலுவார். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு மிகாத வெளிநாட்டுப் பொருளுக்கும் 10 சதவிகித விற்பனை வரி உண்டு, அனுப்பும் செலவு தனி, பற்றாமல் போனால் திருப்பி அனுப்பும் செலவில் இங்கே இன்னொரு சட்டை வாங்கிவிடலாம். உள்ளூர்த் தளம் ஒன்றில் கொரியச் சரக்கு என்று போட்டிருந்த விற்பனையாளரிடம் நான் ஒரு கவுன் எடுத்தேன், அட்டவணையில் இருந்த அளவுக்கும் வந்த உடைக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம், செய்தி அனுப்பினால் பூப்போட்ட ஸ்டிக்கர் பதிலாக வருகிறது, பணம் வரவில்லை. அந்த வகையில் பேருந்து நிலையத்துக் கடையே தேவலாம், போட்டுப் பார்க்க அறை இருக்கிறது, முகம் பார்த்துப் பேச ஓர் ஆளும் இருக்கிறார்.

இன்னொரு வழி இருக்கிறது, கௌரவம் பார்க்காதவர்களுக்கு. பண்டல் கடை. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய உடைகள், பேராக்கில் எந்தப் பட்டணத்திலும் ஒன்று இருக்கும். அசல் கொரியச் சீட்டு தைத்த உடை பத்து வெள்ளிக்கு அங்கே கிடைக்கிறது, நான் ஒரு கம்பளிக் கோட்டின் உள்துணித் தையலைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன், கேமரன் மலைக்குக் குடிபோனால் ஒழியப் போட முடியாது என்பதால் வைத்துவிட்டு வந்தேன். சட்டை, சிலுவார் கிடைத்தால் விடாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆண்களுக்கு இந்தக் கடையில் ஒரே ஒரு கம்பிதான். தொளதொள டிஷர்ட், கறுப்புச் சிலுவார். என் தம்பி ஒன்று வாங்கினான், நன்றாக இருக்கிறது, அவன் அதைக் கழற்றுவதே இல்லை, மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கடை மத்தியானம்தான் திறக்கிறது, திங்கட்கிழமை மூடி. அட்டையைக் கிழிக்காமல் ரசீதோடு கொண்டுபோனால் மூன்று நாளுக்குள் வேறு உடை மாற்றித் தருவார், பணமாகத் தர மாட்டார், இதைச் சுவரில் எழுதி ஒட்டாமல் பணம் கட்டிய பிறகு வாயால் சொல்கிறார், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் சரக்கு வெள்ளிக்கிழமை வருகிறது, எல் சைஸ் சிலுவார் சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். எக்ஸ்எல் கொண்டுவரச் சொல்லி நானும் இன்னும் சில அக்காமார்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், நீங்களும் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், பத்துப் பேர் கேட்டால் சோலில் எடுக்கும் ஆளிடம் சொல்லலாம் என்றார். சிலுவார் கால் வெட்ட பக்கத்துத் தையல் கடையில் ஆறு வெள்ளி.